பொலேரோ: கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? இரண்டுக்கும் ஒரே 90 ஆயிலா?

#1 தோட்டத்துக்காரன்

வணக்கம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வண்டி 2011 பொலேரோ, போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டரில் 1,38,000 கி.மீ. காட்டுகிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை.

தொல்லை இரண்டு. காலையில் எடுத்தவுடன் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு செகண்ட் கியர் போடும்போது 'கர்ர்' என்று கடிக்கிறது. சூடு ஏறிவிட்டால் ஒன்றும் இல்லை. அப்புறம், 60-ஐத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி.

இன்ஜின் ஆயிலை நானேதான் மாற்றுகிறேன். கியர்பாக்ஸ், பின் ஆக்சில் நடுவில் இருக்கிற பல்பெட்டியான டிஃபரன்ஷியல் பக்கம் கை வைத்ததில்லை. பழைய ஓனர் கடைசியாக எப்போது மாற்றினார், மாற்றினாரா என்பதற்கே ஒரு சீட்டும் இல்லை. ஊர் மெக்கானிக்கிடம் கேட்டேன். "90 ஆயில் ஒரு கேன் வாங்கிட்டு வாங்க, ரெண்டுலயும் ஊத்திடலாம்" என்றார். அவர் சொல்வது சரியா? வீட்டில் செய்வதானால் என்னென்ன வேண்டும்?

#2 ஸ்பானர் சித்தப்பா

தம்பி, ஆயில் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கியர்பாக்ஸிலும் சரி, டிஃபரன்ஷியலிலும் சரி, இரண்டு பிளக் இருக்கும். அடியில் இருப்பது வடிக்கிற பிளக். பக்கவாட்டில் மேலே இருப்பது ஊற்றுகிற பிளக், அதுவே லெவல் பார்க்கிற பிளக்கும். மேல் பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் கீழ் பிளக்கில் ஸ்பானர் போட வேண்டும். கீழே வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வர மாட்டேன் என்றால் உங்கள் வண்டி ஆயில் இல்லாமல் வீட்டில் நிற்கும். லோடு வண்டி பிடித்துத்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

நான் டிப்போவில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் என்னோடு இருந்த பையன் ஒருவன் இப்படித்தான் செய்தான். ராத்திரி டூட்டிக்குப் போக வேண்டிய வண்டி. மேல் பிளக்கின் தலை மழுங்கிப் போய்விட்டது. அன்றைக்கு ஃபோர்மேன் பேசியதை இங்கே எழுத முடியாது.

உங்கள் வண்டிக்கு ஜாக்கியே தேவையில்லை. கோணிச்சாக்கைப் போட்டுப் படுத்தால் அடியில் நுழைந்துவிடலாம். தூக்காமல் செய்வதுதான் நல்லதும்கூட. காரணம், லெவல் ஓட்டை வரை ஆயில் நிற்க வேண்டும் என்பதுதான் அளவு. வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஊற்றினால் அந்த அளவு பொய்யாகிவிடும்.

#3 மசகு

நான் லூப்ரிகண்ட் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'90 ஆயில்' என்பதில் 90 என்பது தடிமனை மட்டுமே சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதற்கான எண் அது. இந்த எண்ணை இன்ஜின் ஆயில் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 கியர் ஆயில், 40 அல்லது 50 இன்ஜின் ஆயில் இருக்கிற தடிமனில்தான் இருக்கும். 90 என்றதும் கெட்டியான பாகு மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கெட்டியானது 140.

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். இந்த விவகாரத்தில் முக்கியமானது அதுதான். இரண்டும் ஒரே 80டபிள்யூ-90 தடிமனாக இருக்கலாம், உள்ளே கலந்திருக்கும் மருந்து வேறு. பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் ஆயில் படலம் கிழிந்துபோனால் உலோகத்தைக் காப்பாற்றுவதற்கென்று கந்தகமும் பாஸ்பரசும் உள்ள சேர்மானங்களைச் சேர்ப்பார்கள். ஜிஎல்-5இல் அது ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்.

பின் ஆக்சிலில் அது கட்டாயம் வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வருகிற நீளத் தண்டுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் முனையில் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியன், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் நடு மையத்தில் சேராது. கொஞ்சம் தள்ளி, கீழே சேரும். ஹைப்பாய்டு என்பது இதைத்தான். 1920களில் அமெரிக்காவில் இதைக் கொண்டுவந்ததன் பெரிய லாபம் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தாழ்த்த முடிந்தது, அதனால் காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பலத்த அழுத்தத்தில் வழுக்கித் தேய்த்துக்கொண்டும் போகும். சாதாரண ஆயில் அங்கே தாங்காது.

கியர்பாக்ஸ் கதை வேறு. அங்கே சிங்க்ரோ ரிங் இருக்கிறது, பெரும்பாலும் பித்தளை வகை. கியர் விழுவதற்கு முன் அந்த ரிங் கூம்பின் மேல் உரசிப் பிடித்து இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்க வேண்டும். அதற்கு உரசல் தேவை. ஜிஎல்-5 அங்கே வழுக்கலைக் கூட்டிவிடும், பிடிப்பு தாமதமாகும். போதாததற்கு, சூட்டில் கந்தகம் பித்தளையை மெல்ல அரிக்கவும் செய்யலாம்.

உங்கள் வண்டி குளிரில் மட்டும் கடிக்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரோ சத்தத்தை அமுக்குவதற்காக கியர்பாக்ஸில் 140 ஊற்றியிருக்கலாம். கெட்டி ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு ரிங் கூம்பைப் பிடிக்க நேரம் எடுக்கும். சூடானால் இளகிவிடும், கடியும் போய்விடும். வடிக்கும்போது பாருங்கள்.

#4 மதுரை மைனர்

மசகு அண்ணே, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடைய பழைய சுமோவில் இரண்டிலும் ஒரே கேன்தான். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டி விற்றேன், கியர் வெண்ணெய் மாதிரி விழும். ஊர் மெக்கானிக் முப்பது வருடமாகச் செய்கிறார், அவருக்குத் தெரியாததா? சும்மா ஆளைப் பயமுறுத்தாதீர்கள்.

#5 மசகு

மைனர், உங்கள் வண்டி ஓடியதை நான் மறுக்கவில்லை. ஜிஎல்-5 ஊற்றினால் மறுநாள் கியர்பாக்ஸ் வெடித்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. தேய்மானம் மெதுவாக நடக்கும். முரட்டுத்தனமாகக் கியர் போடுகிறவர் கையில் சீக்கிரம் தெரியும், உங்களை மாதிரி மெதுவாகக் கியர் போடுகிறவர் கையில் தெரியாமலே போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் பாதி உண்மை சொன்னவனாகிவிடுவேன். கியர்பாக்ஸுக்கே ஜிஎல்-5 கேட்கிற கம்பெனிகளும் உண்டு. சுபாருவில் முன் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் முங்கியிருக்கும், உள்ளே ஹைப்பாய்டு பல், அதனால் அவர்கள் மேனுவலிலேயே ஜிஎல்-5 என்று போடுவார்கள். அதற்கேற்ற ரிங்கை வைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆகவே என் பேச்சையும் வேண்டாம், மெக்கானிக் பேச்சையும் வேண்டாம், வண்டியின் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. அதில் கியர்பாக்ஸுக்கு ஒன்று, ஆக்சிலுக்கு வேறொன்று என்று இருந்தால் இரண்டு டப்பா வாங்குங்கள். மிச்சமாவது நூறு, இருநூறு ரூபாய். ஒரு சிங்க்ரோ ரிங் மாற்ற கியர்பாக்ஸை இறக்கினால் என்ன கூலி என்று உங்கள் மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

ஒரே கேன்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் ஜிஎல்-5ஐ கியர்பாக்ஸில் ஊற்றுவதைவிட ஜிஎல்-4ஐ ஆக்சிலில் ஊற்றுவது பெரிய தப்பு. கிரவுன், பினியன் அதைப் பொறுக்காது.

#6 ஓஎம்ஆர் ஸ்விஃப்ட்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஸ்விஃப்ட். அதில் டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கைத் தேடித் தேடிப் பார்த்தேன், பின்னால் ஒன்றுமே இல்லையே?

#7 ஸ்பானர் சித்தப்பா

பின்னால் தேடினால் எப்படிக் கிடைக்கும், உங்கள் வண்டியை இழுப்பதே முன் சக்கரம்தானே. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில். அங்கே ஹைப்பாய்டு பல் கிடையாது, சாதாரண சாய்வுப் பல். அதனால் கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஆயிலே இரண்டுக்கும் போதும்.

#8 ஓஎம்ஆர் ஸ்விஃப்ட்

நன்றி அண்ணா. அப்படியே இன்னொன்று. அக்கா வீட்டுக்காரரிடம் ஆட்டோமேட்டிக் வண்டி இருக்கிறது. அதையும் இதே மாதிரி வீட்டில் வடித்து ஊற்றிவிடலாமா?

#9 மசகு

வேண்டாம் என்பேன். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் என்பது பல்லுக்கு வழவழப்பு கொடுக்க மட்டும் இல்லை. அதன் அழுத்தத்தில்தான் கிளட்ச் பிடிக்கிறது, கியர் மாறுகிறது. ஆட்டோமேட்டிக்கிலேயே பல வகை உண்டு. சிவிடி வகைக்கு ஒரு திரவம், டபுள் கிளட்சுக்கு வேறு, டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு வேறு. மாற்றி ஊற்றினால் தொலைந்தது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பிளக்கைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது, பெரும் பங்கு உள்ளேயே தங்கிவிடும். பல வண்டிகளில் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் லெவல் பார்க்க வேண்டும், அதற்கு ஸ்கேனர் வேண்டும்.

ஏஎம்டி வண்டி என்றால் விஷயம் வேறு. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கியரை நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை போடுகிறது. கியர்பாக்ஸ் ஆயிலை வழக்கம்போல மாற்றலாம். அந்தக் கைக்கென்று தனித் திரவம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஒரு பழைய கதை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளட்ச் வெடுக்கென்று பிடிக்காமல் மெத்தென்று பிடிக்க அது அவ்வளவு ஏற்றது. திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததும் மாற்றுச் சேர்மானம் தேட வேதியியல்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சரி, பொலேரோவுக்கு வருவோம்.

#10 தோட்டத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கையேட்டின் நகலைத் தேடிப் பிடித்துவிட்டேன். மசகு சார் சொன்னபடியே கியர்பாக்ஸுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு வேறொன்று போட்டிருக்கிறது. இரண்டும் வாங்கியாயிற்று, பொள்ளாச்சியில். கூடவே செம்பு வாஷர் நான்கு.

இப்போது அடுத்த கேள்வி. பக்கவாட்டு ஓட்டையில் படுத்துக்கொண்டு ஆயிலை எப்படி ஊற்றுவது? கடையில் கைப்பம்பு ஒன்று காட்டினார்கள், விலை ஆயிலைவிட அதிகம்.

#11 நாஞ்சில் கொத்தன்

நான் மெக்கானிக் இல்லை, கட்டட வேலை. இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மட்டம் பார்க்கிற டியூப் இருக்கிறதே, கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப், ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் தருவார்கள். ஒரு முனையில் புனலைச் செருகிக் கட்டுங்கள். மறுமுனையை லெவல் ஓட்டைக்குள் விடுங்கள். புனலை பின் ஆக்சிலுக்கு டிக்கிப் பக்கமும், கியர்பாக்ஸுக்கு போனெட்டுக்குள்ளும் தூக்கிப் பிடித்து மேலே ஒரு ஆள் ஊற்றினால் தானாக இறங்கும். என் அண்ணன் லாரிக்கு இப்படித்தான் செய்வான்.

அதே டியூபில் இன்னொரு துண்டு வெட்டி, தண்ணீர் நிரப்பி, வண்டியின் முன் பின் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆயில் போன துண்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தண்ணீர் போன துண்டில் ஆயிலும் வேண்டாம்.

#12 ஸ்பானர் சித்தப்பா

இது நல்ல யோசனை. ஆயிலை வெயிலில் அரை மணி வைத்துவிட்டு ஊற்றுங்கள், சீக்கிரம் இறங்கும்.

வடிப்பதற்கு முன் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சூட்டில் ஆயில் இளகும், அடியில் தங்கிய தூளும் கலந்து வெளியே வரும். ரொம்பச் சூட்டில் கையைக் கொடுக்காதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏதாவது காரணத்தால் தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்ட் வைத்துத் தூக்குங்கள். தோப்பில் மூலையில் கிடக்கும் ஹாலோ பிளாக்கை எடுத்து முட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். அடியில் படுத்திருக்கிறவனுக்கு நகர நேரம் கிடைக்காது.

#13 தோட்டத்துக்காரன்

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சித்தப்பா சொன்னபடி முதலில் கியர்பாக்ஸின் மேல் பிளக். வரவில்லை. தலையைப் பார்த்தால் முன்பே யாரோ பைப் ரெஞ்ச் போட்டுக் கடித்த அடையாளம், ஆறு மூலையில் மூன்றுதான் மிச்சம். நான் ரிங் ஸ்பானர் போட்டுத் தம் கட்டியதில் இன்னொன்றும் போனது. துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விட்டேன். மறுநாளும் அசையவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், இந்த இழையைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் முதலில் கீழ் பிளக்கைத்தான் திறந்திருப்பேன். கைக்கு எட்டுவது அதுதானே. இப்போது ஆயில் உள்ளேயே இருந்ததால் வண்டியை நிம்மதியாகப் பக்கத்து ஊர் லேத் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை எடுத்து, பிளக் தலைமேல் வைத்து, சுத்தியலால் தட்டி ஏற்றி, நீளமான ராட் போட்டு ஒரே திருப்பு. இருபது ரூபாய் போதும் என்றார், ஐம்பது கொடுத்தேன். மழுங்கிய பிளக்கையே லேசாகத் திருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் அதைக் கழற்றி, ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்துவிட்டு, பழைய பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பொள்ளாச்சி போய் அதே மரையில் புதுசு வாங்கினேன்.

அப்புறம்தான் வடித்தது. கியர்பாக்ஸ் ஆயில் கருப்பு. தடிமனைச் சொல்லி முடியாது. வடிந்து முடியவே அரை மணி ஆயிற்று. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நாற்றம். ஆறிய பிறகு ஒரு தகர மூடியில் அதையும் பக்கத்தில் புது ஆயிலையும் ஒவ்வொரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். புதியது மூடியின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பழையது பாதி வழியில் நின்றது. பிளக்கின் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறப் பசை, விரலால் தேய்த்தால் துகள் ஒன்றும் தட்டுப்படவில்லை.

பின் ஆக்சிலைத் திறந்ததும்தான் வயிறு கலங்கிவிட்டது. வந்தது ஆயிலே இல்லை, பால் கலந்த காபி! நிறமும் அதுதான், நுரையும் அதுதான். படம் போட முடியவில்லை, நம்புங்கள்.

புது ஆயில் இன்னும் ஊற்றவில்லை. என்ன செய்ய?

#14 மதுரை மைனர்

தண்ணி புகுந்திருக்கு. ஒரு லிட்டர் டீசல் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, வடித்துவிடுங்கள். உள்ளே பளபளவென்று ஆகிவிடும்.

#15 ஸ்பானர் சித்தப்பா

டீசல் வேண்டாம் தம்பி, மைனர் பேச்சைக் கேட்காதீர்கள். டீசலில் கிரவுன், பினியன் சுற்றினால் பத்து நிமிடம்கூட அதிகம். எவ்வளவு வடித்தாலும் ஆக்சில் டியூபுக்குள் கொஞ்சம் தங்கும், அது புது ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். விலை குறைந்த, ஆனால் அதே தரமுள்ள ஜிஎல்-5 ஒன்றை ஊற்றி, நூறு கிலோமீட்டர் சும்மா உள்ளூரில் ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். அப்புறம் நல்ல ஆயில் ஊற்றுங்கள். 500 கிலோமீட்டரில் பிளக்கைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆக்சில் ஹவுசிங் மேல் விரல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும், பிரீதர். ஓடும்போது உள்ளே சூடாகிக் காற்று விரியும், அது வெளியே போக வழி. உங்கள் வண்டியில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் விடுகிற பழக்கம் உண்டா?

#16 தோட்டத்துக்காரன்

மாதம் ஒரு தடவை. கூடவே அடியில் ஆயில் ஸ்பிரேயும் அடிப்பார்கள், துருப்பிடிக்காது என்று.

பிரீதரைப் பார்த்தேன். முதலில் இருப்பதே தெரியவில்லை. மண்ணும் ஆயிலும் சேர்ந்து களிமண் உருண்டை மாதிரி மூடியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பியால் குத்தினேன், 'புஸ்' என்றது.

#17 ஸ்பானர் சித்தப்பா

அந்தப் 'புஸ்'தான் பதில்.

ஓடிச் சூடான வண்டியை நேராக வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறோம். குளிர்ந்த தண்ணீர் ஆக்சிலில் பட்டதும் உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் சரியாக இருந்தால் காற்றை இழுக்கும். அடைத்துக்கிடந்தால் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுக்கும். நீங்கள் துருவுக்குப் பயந்து அடித்த ஆயில் ஸ்பிரேதான் மண்ணை ஒட்டவைத்து அதை அடைத்திருக்கிறது. ஓடையில் இறங்குவீர்களா? அங்கேயும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் போகும். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் டிரம்மைக் கழற்றி ஷூவைப் பார்க்காமல் வால்பாறை ஏறாதீர்கள். 40 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பிரேக் இல்லையென்றால் கதை முடிந்தது.

பிரீதரை ஒரு ரப்பர் டியூபில் நீட்டி சேஸிஸுக்கு மேலே கட்டிவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

#18 கோவை பசுமை

வடித்த பழைய ஆயிலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லையே.

#19 மதுரை மைனர்

சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிக்கொண்டு போவார்கள். தென்னைக்கும் சிலர் கரையானுக்கு ஊற்றுவார்கள். வீணாகாது.

#20 கோவை பசுமை

தென்னைக்கு ஊற்றுவதா! நீங்கள் குடிக்கிற கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது? உபயோகித்த ஆயில் நம் நாட்டுச் சட்டப்படி அபாயகரமான கழிவு. 2016 விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போய்ச் சேர வேண்டும். தனி ஆள் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூடியுள்ள கேனில் பிடித்து, ஆயில் மாற்றுகிற சர்வீஸ் சென்டரிலோ பெரிய பட்டறையிலோ கேட்டால் அவர்களுடைய பேரலில் ஊற்றச் சொல்வார்கள். அவர்களிடமிருந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போக ஆள் வரும்.

#21 நாஞ்சில் கொத்தன்

சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது நடக்கிறதுதான், நானும் செய்திருக்கிறேன். கான்கிரீட்டில் கறை பிடிக்கும், அப்புறம் பூச்சு ஒட்டாது. அதற்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள். இப்போது நாங்கள் அதைத்தான் வாங்குகிறோம்.

#22 தோட்டத்துக்காரன்

கேனில் பிடித்து வைத்திருக்கிறேன், தோப்பில் ஊற்ற மாட்டேன். அப்பா ஏற்கெனவே திட்டிவிட்டார்.

பின் சக்கரம் இரண்டும் காய்ந்துதான் இருக்கிறது, சீல் கசிவு இல்லை. மலிவு ஆயில் ஊற்றி 110 கி.மீ. ஓட்டினேன். வடித்தபோது லேசாக மங்கலாக இருந்தது, காபி இல்லை, கஷாயம் என்று சொல்லலாம். இப்போது நல்ல ஆயில் ஊற்றியாயிற்று. கொத்தன் அண்ணன் சொன்ன டியூபில் மேலே என் தம்பி ஊற்ற, கீழே நான் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையிலிருந்து நூல் மாதிரி வழிந்ததும் "போதும்" என்று கத்தினேன். அவன் காதில் இயர்போன். கால் லிட்டர் என் சட்டையில்.

பிளக்கை எவ்வளவு முறுக்க வேண்டும்?

#23 ஸ்பானர் சித்தப்பா

வழிவது சொட்டாகக் குறையும் வரை விட்டுவிட்டு மூடுங்கள். செம்பு வாஷர் அமுங்கியதும் கைக்குத் தெரியும், அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். முன்பு இருந்தவர் ராட் போட்டு மிதித்ததன் பலனைத்தான் போன வாரம் பார்த்தீர்களே. அலுமினியக் கூட்டில் மரை போனால் பிளக் மாற்றித் தீராது. மரை கூம்பாக இருக்கிற பிளக் என்றால் வாஷரே கூடாது, ஆட்டோ கடையில் வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்துப் போடுங்கள்.

#24 தோட்டத்துக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 640 கி.மீ. ஓடியிருக்கிறது.

செகண்ட் கியர்: காலையில் முதல் தடவை மட்டும் லேசாக முரண்டு பிடிக்கிறது, 'கர்ர்' இல்லை. மசகு சார் சொன்ன மாதிரி ரிங் கொஞ்சம் தேய்ந்துதான் போயிருக்கும் போல. அந்த ஒரு தடவை கிளட்சை முழுக்க மிதித்து ஒரு நொடி பொறுத்துப் போடுகிறேன், விழுகிறது. கியர்பாக்ஸை இறக்குகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பின் ஆக்சில்: நேற்று மேல் பிளக்கைத் திறந்து, வளைந்த கம்பியால் தொட்டுப் பார்த்தேன். தேன் நிறம், தெளிவு. லெவலும் ஓட்டை மட்டத்தில்.

முனகல்: அப்படியே இருக்கிறது! ஒரு மாற்றமும் இல்லை. டிஃபரன்ஷியல் போய்விட்டதா?

#25 மசகு

ஆக்சிலரேட்டரில் காலை வைத்து இழுக்கும்போதும், காலை எடுத்துவிட்டு ஓடும்போதும் சத்தம் மாறுகிறதா? கிரவுன், பினியன் தேய்ந்த சத்தம் என்றால் பெரும்பாலும் மாறும், ஒன்றில் கூடும், ஒன்றில் அடங்கும்.

#26 தோட்டத்துக்காரன்

மாறவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி. தார் ரோட்டில் அதிகம், புதிதாகப் போட்ட வழவழப்பான ரோட்டில் குறைவு.

#27 ஸ்பானர் சித்தப்பா

ரோட்டுக்கு ரோடு மாறுகிறது என்றால் டயரைத் தடவிப் பாருங்கள் தம்பி. பட்டனின் ஒரு ஓரம் கூர்மையாக, மறு ஓரம் மழுங்கி, ரம்பம் மாதிரி இருக்கும். பின் டயர் இரண்டையும் முன்னால் போட்டு ஓட்டுங்கள்.

#28 தோட்டத்துக்காரன்

போட்டேன். முனகல் முன்னால் வந்துவிட்டது.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் டயரைத் தேடிப் போயிருந்தால் அந்தப் பால் காபியைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

#29 ஸ்பானர் சித்தப்பா

ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர் மூன்றையும் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கிற அன்றைக்கு, வாங்குகிறவன் உங்களைப் போலத் திண்டாட வேண்டாம்.

#30 மதுரை மைனர்

இப்போது ஒரு டாட்டா பிக்கப் வைத்திருக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அந்த டியூப் எத்தனை அடி வாங்கினீர்கள்?

#31 தோட்டத்துக்காரன்

பன்னிரண்டு அடி, அண்ணே. மேலே ஊற்றுகிற ஆளுக்கு இயர்போன் மட்டும் கொடுக்காதீர்கள்.